சிவப்புப் பூச்சு

பெடலைப் பின்னோக்கி மிதித்தால் நிற்கும் சைக்கிளை நம் ஊரில் அதிகம் பார்த்திருக்க மாட்டோம். கைப்பிடியில் பிரேக் கம்பி எதுவும் தொங்காது. பிரேக் முழுவதும் பின்சக்கரத்தின் நடுவே, அச்சைச் சுற்றி ஒளிந்திருக்கும். அமெரிக்கச் சிறுவர்கள் பல தலைமுறைகளாக ஓட்டிப் பழகிய வண்டி அது. அந்தப் பிரேக்கைக் கழற்றிப் போட்டால் ஒரு தட்டு நிறைய இரும்புச் சாமான் கிடைக்கும். கூம்பு, வளையம், பால்ரஸ் கூடு, நட்டு என ஒரு வகையில் மொத்தம் 15 உதிரிகள். ஒவ்வொன்றும் அதனதன் முறைக்குச் சேர வேண்டும். சேரும்போது சரியான பக்கம் பார்த்திருக்கவும் வேண்டும். ஒன்று தலைகீழாகப் போனாலும் வண்டி ஓடும், ஆனால் நிற்காது.

15 பொருட்களை எத்தனை விதமாக வரிசைப்படுத்தலாம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏறத்தாழ 1 லட்சத்து 30 ஆயிரம் கோடி வரிசைகள். எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்பது இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

இந்தத் தட்டைத்தான் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் கோல்ட் 64 பேர் முன்னால் வைத்தார். எல்லோரும் நடுத்தர அல்லது கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் என்று வகைப்படுத்தப்பட்டவர்கள். சந்தையிலிருந்து விலக்கி, சுவர்களுக்குள் வைத்து எளிய கைவேலை கொடுக்கும் பணிக்கூடங்கள் நான்கிலிருந்து வந்தவர்கள். அடுத்தடுத்த எட்டு முயற்சிகளில் ஆறு முறை பிழையின்றிச் சேர்த்துவிட்டால் கற்றுக்கொண்டதாக ஏற்பது என்பது விதி. 15 உதிரி பிரேக் முடிந்ததும் 24 உதிரிகள் கொண்ட வேறொரு பிரேக். 1972இல் முடிவுகள் அச்சேறின. 64 பேரில் 63 பேர் அந்த இலக்கை எட்டியிருந்தார்கள். கற்று ஓராண்டு கழித்து மறுபடியும் சோதித்தபோது, கற்றதில் பெரும்பகுதி கையோடு இருந்தது.

அன்றைய பணிக்கூடங்களில் இவர்களைப் போன்றவர்களுக்குக் கொடுத்த வேலை, பையில் எண்ணிப் போடுவது, வகை பிரிப்பது, உறை ஒட்டுவது. அதற்கு மேல் இவர்களால் ஆகாது என்பது அங்கே யாரும் கேள்வி கேட்காத முடிவு. கோல்டின் ஆய்வு அந்த முடிவின் அடியிலேயே கை வைத்தது.

அந்த 63 பேரால் இது எப்படி முடிந்தது? பதிலின் முதல் பாதி கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. டேவிட் ஜீமன், பெட்டி ஹவுஸ் என்ற இரு உளவியலாளர்கள் அங்கே அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களது சோதனை எளியது. குழந்தை முன் இரண்டு பொருட்கள். சிவப்புச் சதுரம் ஒன்று, பச்சை வட்டம் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஒன்றின் அடியில் மிட்டாய். அடுத்த முறை இடம் மாறும், வடிவம் மாறும், சிவப்பு வட்டமும் பச்சைச் சதுரமும் வரும். மிட்டாய் மட்டும் எப்போதும் சிவப்பின் அடியிலேயே இருக்கும். வடிவத்தையும் இடத்தையும் விட்டுவிட்டு நிறத்தைப் பார்க்க வேண்டும் என்று குழந்தை தானாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

எல்லாக் குழந்தைகளின் மதிப்பெண்களையும் கூட்டிச் சராசரி எடுத்தால், மெல்ல மெல்ல மேலேறும் ஒரு கோடு வரும். மெதுவாகக் கற்பவர்களின் கோடு இன்னும் மெல்ல ஏறும். இதைப் பார்த்தால், அந்தக் குழந்தைகளின் மனதில் எதுவும் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும் போலிருக்கிறது என்று தோன்றும். ஆனால் ஜீமனும் ஹவுஸும் கோடுகளைக் கலக்காமல், ஒவ்வொரு குழந்தையின் கோட்டையும் தனியே எடுத்தார்கள். ஒவ்வொருவரும் கற்று முடித்த கடைசிப் புள்ளியை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, அங்கிருந்து பின்னோக்கிப் பார்த்தார்கள்.

தெரிந்தது வேறு காட்சி. ஒவ்வொரு கோடும் நெடுந்தூரம் தரையோடு தரையாகக் கிடந்தது. அந்தப் பகுதியில் குழந்தை பாதி சரி, பாதி தவறு என்று குருட்டாம்போக்கில்தான் தொட்டுக்கொண்டிருந்தது. பிறகு ஒரு கட்டத்தில் சடாரென்று மேலேறியது. வேகமாகக் கற்ற குழந்தைக்கும் தாமதமாகக் கற்ற குழந்தைக்கும் அந்த ஏற்றம் ஏறத்தாழ ஒரே செங்குத்துதான். தரையில் கிடந்த தூரம் மட்டுமே வேறு.

ஒரு பெரிய சாவிக்கொத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பூட்டைத் திறப்பதற்கு எல்லோருக்கும் ஒரு நொடிதான். எந்தச் சாவி என்று தேடுவதற்குத்தான் ஒருவருக்குக் கொஞ்ச நேரம், இன்னொருவருக்கு நெடுநேரம். தாமதம் கற்பதில் இல்லை, எதைக் கவனிப்பது என்று கண்டுபிடிப்பதில் இருக்கிறது என்றார்கள் ஜீமனும் ஹவுஸும். 1963இல் வந்த இந்தக் கருத்தை நான் முதன்முறை படித்தபோது வெகுநேரம் வேறெதுவும் ஓடவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை வாரக்கணக்கில் ‘ஒன்றும் ஏறாமல்’ உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும் நமக்கு, அது தேடிக்கொண்டிருக்கிறது என்பது வெளியிலிருந்து தெரியவே தெரியாது. கோடு தரையில் கிடக்கும்போதே பாடத்தை நிறுத்திவிட்டு, இதற்கு வராது என்று எழுதி வைத்துவிடுகிறோம்.

கோல்ட் முன்பு சிறப்புப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். இந்த ஆய்வைத் தொழிற்சாலை மேசைக்குக் கொண்டுவர அவர் எடுத்துக்கொண்டது ஒரு டப்பா சிவப்புப் பெயின்ட். 64 பேரில் பாதிப் பேருக்கு உதிரிகளைத் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே கொடுத்தார். மீதிப் பாதிக்குக் கொடுத்த உதிரிகளில், சரியாக வைத்தால் எந்த முகம் சேர்ப்பவரைப் பார்த்திருக்குமோ அந்த முகத்தில் மட்டும் சிவப்புப் பூசினார். சிவப்பு உன்னைப் பார்க்கிறதா? அப்படியானால் சரி. அந்தப் பூச்சு உதிரியின் வடிவத்தைச் சொல்லிக்கொடுக்கவில்லை, வரிசையையும் சொல்லவில்லை. கண் எங்கே போக வேண்டும் என்பதை மட்டும் சொன்னது. பூச்சு இருந்தவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க வேகத்தில் கற்றார்கள். அடுத்து வந்த 24 உதிரி பிரேக்கில் யாருக்கும் பூச்சு கிடையாது. அதையும் சேர்த்தார்கள்.

பூச்சு ஒன்றே அல்ல அவரது முறை. வேலையை முதலில் தானே பலமுறை செய்து பார்த்து, மிகச் சிறிய படிகளாக உடைத்துக்கொள்வார். கற்றுக்கொடுப்பவர் எதிரே நின்று உத்தரவிடுவதில்லை, பக்கத்தில் நிற்பார். கை தவறான இடத்துக்குப் போனால், “வேறு மாதிரி செய்து பாருங்கள்” என்ற அளவில் ஒரு சொல். அதுவும் போதாவிட்டால் கையைத் தொட்டு மெல்லத் திருப்பிவிடுவது. சரியாகச் செய்யும்போது பெரும்பாலும் மௌனம்.

இந்த மௌனம் அந்தக் காலத்தில் பலருக்குப் பிடிபடவில்லை. ஒவ்வொரு சரிக்கும் மிட்டாயும், ‘சபாஷ்’ என்ற குரலும் கொடுத்துப் பழக்குவதுதான் அன்றைய வழக்கம். கோல்ட் மறுத்தார். பேச்சு கேட்டால் கண் உதிரியை விட்டுப் பேசுபவர் முகத்துக்குப் போய்விடும். எதைக் கவனிப்பது என்பதே ஒருவருக்குப் பெரும்பாடாக இருக்கும்போது, அவர் கவனத்தை நாமே இழுத்துவிடுவது எவ்வளவு பெரிய தவறு! வயதுவந்த ஒருவரைப் பிரேக் சேர்ப்பதற்காகக் குழந்தையைப் போல் கொஞ்சுவதும் அவருக்குச் சம்மதமில்லை.

கற்பவருக்கு வரவில்லை என்றால் என்ன செய்வது என்பதற்கும் அவர் ஒரு வரிசை வைத்திருந்தார். ஆஸ்பத்திரித் துண்டை மடிப்பது என்று வைத்துக்கொள்வோம். முதலில் கற்றுக்கொடுக்கும் விதத்தை மாற்ற வேண்டும்: சொல்லுக்குப் பதில் கையைப் பிடித்துக் காட்டலாம். அதற்கும் வராவிட்டால் படிகளை மாற்ற வேண்டும்: ‘பாதியாக மடி’ என்பதை ‘இந்த மூலையைப் பிடி’, ‘அந்த மூலைக்குக் கொண்டு போ’ என்று இரண்டாக உடைக்கலாம். அப்போதும் வராவிட்டால் வேலையைச் செய்யும் முறையையே மாற்ற வேண்டும்: காற்றில் பிடித்து மடிப்பதற்குப் பதில் கோடு போட்ட மேசைமேல் மடிக்கலாம். ‘ஆளை மாற்று’ என்பது இந்த வரிசையில் எங்குமே வராது.

அறிவுசார் குறைபாடு என்ற சொல்லுக்கே அவர் புது விளக்கம் தந்தார். ஒருவரால் எவ்வளவு கற்க முடியும் என்பதன் எல்லை அல்ல அது. அவருக்குக் கற்பிக்க நம் பக்கத்தில் எவ்வளவு ஆற்றல் வாய்ந்த முறை தேவைப்படுகிறது என்பதன் அளவு. 1982இல், தன் வேலையின் நடுவிலேயே கோல்ட் இறந்துபோனார். இந்த ஒரு விளக்கத்துக்காகவே அவர் பெயர் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகள்தோறும் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அவருக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. இதிலும் ஒரு சைக்கிள் வருகிறது. 1950களில் இங்கிலாந்தில் எப்சம் நகரத்து மேனர் மருத்துவமனையில், ஆயுள் முழுவதும் உள்ளேயே அடைபட்டுக் கிடப்பார்கள் என்று எண்ணப்பட்ட ஆறு பேருக்கு ஏ.டி.பி. கிளார்க்கும் பெயாட்டே ஹெர்மெலினும் தொழில் வேலைகளைக் கற்றுக்கொடுத்தார்கள். மின்கம்பியைச் சரியான நீளத்துக்கு வெட்டுவது, நான்கு நிறக் கம்பிகளைத் தொலைக்காட்சிப் பிளக்கின் அந்தந்த முனையில் பற்றவைப்பது, ஒன்பது படிகளில் சைக்கிள் பம்பைச் சேர்ப்பது. ஆறு பேரும் தேறினார்கள். 1955இல் லான்செட் இதழில் வெளியான அந்தக் கட்டுரையில் என்னை நிறுத்தியது தேர்ச்சி அல்ல, இன்னொன்று. முதல் நாள் ஒருவர் எவ்வளவு செய்தார் என்பதற்கும் கடைசியில் அவர் எட்டிய இடத்துக்கும் பெரிய தொடர்பே இல்லை.

வேலைக்கு ஆள் எடுக்கும் இடங்களில் நாம் அளப்பது எல்லாமே முதல் நாளைத்தான். எழுத்துத் தேர்வு, நேர்காணல், இரண்டுமே கற்பிப்பதற்கு முந்தைய கோட்டை அளக்கின்றன. இந்தியாவில் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலைகளில் 4 விழுக்காடு ஒதுக்கியது. அதில் 1 விழுக்காட்டை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல குறைபாடுகள் சேர்ந்து இருப்பது ஆகிய அனைத்தும் பகிர்ந்துகொள்கின்றன. முதன்முறையாக இவர்களுக்கும் இடம் உண்டு என்று சட்டம் சொன்னது பெரிய காரியம். ஆனால் அந்த இடத்துக்குப் போகும் வழி போட்டித் தேர்வின் வாசல் வழியாகவே இருந்தால், அறிவுசார் குறைபாடு உள்ள ஓர் இளைஞர் வாசலிலேயே நின்றுவிடுவார்.

அமெரிக்காவுக்குத் திரும்புவோம். கோல்டின் பிரேக் ஒரு கதவைத் திறந்தது. ஆனால் அந்தக் கதவுக்கு வெளியே வேலை இருக்கவில்லை. பணிக்கூடத்தில் சேர்பவர் முதலில் ‘தயாராக’ வேண்டும், பிறகு அடுத்த நிலை, அதற்கும் அடுத்த நிலை, கடைசியில் வெளியுலக வேலை என்று ஏணி போட்டிருந்தார்கள். ஓரிகன் பல்கலைக்கழகத்து டாம் பெல்லமியும் உடன் பணியாற்றியவர்களும் 1980களில் அந்த ஏணியில் ஆட்கள் எந்த வேகத்தில் ஏறுகிறார்கள் என்று கணக்கிட்டார்கள். அந்த வேகத்தில் போனால் கீழ்ப்படியில் சேரும் இளைஞர் தன் முதல் வெளிவேலைக்குப் போக அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகும் என்று விடை வந்தது.

அதற்குள் அவர்கள் வாங்கிய கூலி? 1938ஆம் ஆண்டின் அமெரிக்கத் தொழிலாளர் நியாயத் தரச் சட்டத்தில் 14(சி) என்று ஒரு பிரிவு உண்டு. உரிய சான்றிதழ் பெற்ற முதலாளி, குறைபாடு உள்ளவருக்குக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுக்கலாம். இப்பிரிவின் பெயரைச் சொல்லி என்னவெல்லாம் நடக்கலாம் என்பதற்கு அயோவா மாநிலத்து அடாலிசா என்ற சிற்றூர் சாட்சி. டெக்சாஸிலிருந்து கூட்டிவரப்பட்ட அறிவுசார் குறைபாடுள்ள ஆண்கள் பத்தாண்டுகள் கணக்கில் ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தில் தங்கி, வான்கோழி இறைச்சி ஆலையில் வேலை பார்த்தார்கள். பக்கத்தில் நின்றவர்கள் செய்த அதே வேலை. மாதம் கைக்கு வந்தது 65 டாலர். 2009இல் வெளியே தெரிந்து மீட்டபோது கட்டடமே பாழடைந்திருந்தது. 2013இல் ஹென்றீஸ் டர்க்கி சர்வீஸ் என்ற அந்த நிறுவனம் 32 பேருக்கு 24 கோடி டாலர் தர வேண்டும் என்று நடுவர் குழு தீர்ப்பளித்தது. சட்டத்தில் இருந்த உச்சவரம்பு அதை 16 லட்சம் டாலராகச் சுருக்கியது. இவர்களால் வேலை செய்ய முடியாது என்று யாரும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். முடியும் என்று அந்த நிறுவனத்துக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

ஏணியைத் தள்ளிவிட்டுப் புது வழி காட்டியவர்களில் முக்கியமானவர் வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகத்தின் பால் வேமன். ‘முதலில் பயிற்சி, பிறகு வேலை’ என்பதைத் தலைகீழாக்கினார்கள்: முதலில் உண்மையான வேலை, உண்மையான சம்பளம், பயிற்சி அங்கேயே. இதற்கு ஓர் அறிவியல் காரணமும் இருக்கிறது. ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்துக்கு எடுத்துப் போவதுதான் அறிவுசார் குறைபாடு உள்ள பலருக்கும் கடினம். பயிற்சிக்கூடத்துப் பாத்திரத் தொட்டியில் கழுவப் பழகியவர், உணவகத்தில் குழாய் இடப்பக்கம் இருந்தால் திகைத்து நின்றுவிடலாம். பிறகு எதற்குப் பயிற்சிக்கூடம்? உணவகத்துத் தொட்டியிலேயே பழகட்டுமே. வேலைப் பயிற்சியாளர் ஒருவர் கூடவே வருவார். முதல் வாரம் தோளோடு தோளாக, பிறகு அறையின் மறுகோடியில், பிறகு வாரம் ஒருமுறை எட்டிப் பார்த்து என்று விலகிக்கொண்டே போவார். 1986இல் அமெரிக்க மறுவாழ்வுச் சட்டத் திருத்தம் இம்முறைக்குச் சட்ட இடம் தந்தது.

பத்தாண்டு கழித்து, 1996இல், சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் அவசர சிகிச்சைப் பிரிவின் தலைவி எரின் ரீலிக்கு ஒரு தலைவலி. அலமாரிகளிலும் தள்ளுவண்டிகளிலும் சிரிஞ்சு, குழாய், கையுறை தீரத் தீர நிரப்பி வைக்கும் வேலைக்கு ஆட்கள் நிலைப்பதில்லை. வருவார்கள், சலித்துப்போய் விட்டுவிடுவார்கள். அவசரப் பிரிவில் இது சின்ன விஷயம் இல்லை. மூச்சுத் திணறும் குழந்தைக்குக் குழாய் தேடி டாக்டர் இழுப்பறையைத் திறக்கும்போது அது அங்கே இருக்க வேண்டும், சரியான அளவில், சரியான இடத்தில். இந்த ஒழுங்கை விரும்பிச் செய்யக்கூடியவர்கள், வளர்ச்சிசார் குறைபாடுள்ளவர்களில் இருப்பார்களே என்று ரீலிக்குத் தோன்றியது. சிறப்புக் கல்வித் துறையிலிருந்த சூசி ருட்கௌஸ்கியிடம் பேசினார். அங்கே பிறந்ததுதான் ப்ராஜெக்ட் செர்ச்.

அதன் அமைப்பு எளிது. பள்ளியின் கடைசி ஆண்டில் இருக்கும் மாணவர்கள் அந்த ஓராண்டும் மருத்துவமனைக்கே வருகிறார்கள். மூன்று வெவ்வேறு பிரிவுகளில் முறைவைத்து வேலை பார்க்கிறார்கள். அறுவைக் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்து தட்டில் அடுக்குவது போன்ற, நுணுக்கமும் வரிசையும் கொண்ட வேலைகள். அரை மணி நேர நேர்காணலில் தெரியாதது ஓராண்டில் தெரியும். மாணவரின் கோடு தரையில் கிடந்தால், அது நிமிர்ந்தெழும் வரை காத்திருக்க ஓராண்டு இடம் தருகிறது.

இது நல்லெண்ணம் மட்டுமா, பலனும் உண்டா? வேமனின் குழு இதைச் சோதித்தது. ஆட்டிசம் உள்ள இளைஞர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 24 பேர் மருத்துவமனை வேலைப் பயிற்சிக்கு, ஆட்டிசத்துக்கான கூடுதல் ஆதரவோடு. 16 பேர் வழக்கமான பள்ளிக்கே. 2014இல் முடிவு வெளிவந்தது. முதல் குழுவில் 21 பேருக்கு வேலை கிடைத்திருந்தது, இரண்டாவதில் ஒருவருக்கு. சிறிய ஆய்வுதான், 40 பேர்தான். ஆனால் இரண்டு குழுவும் ஒரே மாதிரியான பிள்ளைகள். வேறுபட்டது அவர்களுக்கு வாய்த்த பள்ளி ஆண்டு மட்டுமே.

கோல்டின் இன்னொரு கருத்தும் இங்கே பொருந்துகிறது. ஒருவர் செய்யும் வேலை எவ்வளவு தேவையானதோ, அவ்வளவுக்கு அவரது விநோதங்களை மற்றவர்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்றார். ஊரில் நல்ல மெக்கானிக்கிடம் போயிருப்பவர்களுக்கு இது தெரியும். அவர் முகம் கொடுத்துப் பேச மாட்டார், கேட்ட கேள்விக்குப் பதில் வராது. ஆனாலும் வண்டியை அவரிடமே விடுவோம். வளர்ச்சிசார் குறைபாடு உள்ளவர்களுக்கு நாம் வழக்கமாகத் தேடிக் கொடுக்கும் மெழுகுவர்த்தி, காகிதப் பை வேலைகளில் இந்தத் தேவை பிறப்பதில்லை. யார் செய்தாலும் ஆகும், செய்யாவிட்டாலும் ஆகும். அதனால்தான் கடினமான வேலையைக் கற்பிக்க வேண்டும் என்று கோல்ட் பிடிவாதமாக இருந்தார். தட்டில் சைக்கிள் பிரேக்கை வைத்ததன் காரணமும் இதுவே.

அவசரப் பிரிவின் தள்ளுவண்டி இதற்கு நேர் எதிர். அதை நிரப்பும் இளைஞர் பேசும்போது கண்ணைப் பார்க்காமல் இருக்கலாம், ஒரே கேள்வியை நாளுக்குப் பத்து முறை கேட்கலாம். ஆரம்பத்தில் ஒவ்வொரு இழுப்பறையிலும் உள்ளே இருக்க வேண்டியவற்றின் படம் ஒட்டியிருக்கும். பக்கத்தில் பயிற்சியாளர் நிற்பார், அநேகமாக மௌனமாக. சில வாரங்களில் அவர் கதவருகே போய்விடுவார். சில மாதங்களில் அவர் வரும் நாட்கள் குறையும். படங்கள் கசங்கி, சில உதிர்ந்தும் போகும். பிறகு ஒருநாள் நடுராத்திரி, ஆம்புலன்ஸ் வந்து நிற்கும். நர்ஸ் குழந்தையின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் பின்னால் கையை நீட்டி, மூன்றாவது இழுப்பறையைத் திறப்பார். குழாய் அங்கே இருக்கும்.